காலிக் கூண்டில் ஒரு நாய்

அந்த வீட்டில் மாமனார் பேசமாட்டார். காலமெல்லாம் தையல் கடையில் உட்கார்ந்து, உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே வேலை பார்த்தவர். வாயைத் திறந்தால் ஊசி விழும், விழுந்த ஊசி யார் காலிலாவது ஏறும். அதனால் வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் தலையைச் சாய்ப்பார், புருவத்தை உயர்த்துவார், அவ்வளவுதான். கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்த பிறகும் வாய் பழைய பழக்கத்தை விடவில்லை. ஊசி போய்விட்டது, மௌனம் தங்கிவிட்டது.

அந்த மௌனத்துக்கு அர்த்தம் சொல்லும் பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கொடுத்த பொறுப்பில்லை. கேட்பதற்குள் எடுத்துக்கொள்வது அவர் சுபாவம். "அவருக்குச் சர்க்கரை இல்லாத டீதான் வேணும்" என்பார். "அவருக்கு இந்தப் பச்சைத் திரைச்சீலை பிடிக்கலை" என்பார். மாமனார் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். மறுத்தது கிடையாது. மறுக்காததால் அது சரியென்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பச்சைத் திரைச்சீலை கழற்றப்பட்டுச் சாம்பல் நிறத் திரைச்சீலை வந்தது.

நாய் விஷயமும் இதே வழக்கப்படிதான் முடிவானது.

மகன் பேருந்து ஓட்டுநர். மழை கொட்டிய ஒரு மாலையில் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஒருவர் மட்டும் பின் இருக்கைக்கு அடியில் இறங்காமல் இருந்தார். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி. அவன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கூடத்தின் நடுவில் தண்ணீர் சொட்டச் சொட்ட நாய் நின்றது. மாமனார் செய்தித்தாளுக்கு மேலே கண்ணை உயர்த்தி வெகுநேரம் அதைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தைத் திருப்பினார்.

"பாத்தியா, அவருக்கு நாய் ஆகாது" என்றார் மாமியார்.

"அப்பா ஒண்ணுமே சொல்லலையேம்மா."

"அதான் சொல்லலையே. பிடிச்சிருந்தா சொல்லியிருப்பார்ல?"

பிடிக்காவிட்டாலும் சொல்லியிருப்பார் இல்லையா என்று மருமகளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். அவளும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு மௌனத்துக்கு அர்த்தம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. தன்னுடையதையும் சேர்த்து மாமியாருக்கு வேலை வைக்க வேண்டாம் என்று இருந்தாள்.

பேசி முடித்தது இதுதான்: பிராணிகள் காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை நாய் இங்கே இருக்கலாம், கிடைத்த அன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். மகன் உடனே போன் பண்ணிக் கேட்டான். இடம் இல்லை, எல்லாக் கூண்டிலும் ஆள் இருக்கிறது என்றார்கள்.

"பேர் கீர் வெச்சுடாதீங்க. பேர் வெச்சா ஒட்டிக்கும்" என்றார் மாமியார்.

"சரி, விருந்தாளின்னு கூப்பிடறோம்" என்றான் மகன். அதுவே பெயராகிவிட்டது.

விருந்தாளிக்கு லிப்ட்டின் சத்தம் தெரியும். மருமகள் வேலை முடிந்து வரும்போது, லிப்ட் கீழ்மாடியைத் தாண்டுவதற்குள் அது கதவருகே போய் உட்கார்ந்துவிடும். குரைக்காது. அவள் செருப்பைக் கழற்றும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் மேஜைக்கடியில் அவள் காலோடு முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இரண்டு பேருமாகப் பேசாமல் இருப்பார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவளுக்குக் கெடுதல் செய்ததில்லை. ஆனால் வாசலில் அவளுக்காக உட்கார்ந்து காத்திருந்ததும் யாருமில்லை. நாய் போய்விடும் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் குனிந்து அதன் மடங்கிய காதை ஒருமுறை நிமிர்த்திவிடுவாள்.

காப்பகத்துக்குப் போன் பண்ணுவது இப்போது அவள் வேலை. ஒவ்வொரு முறையும் அதே பதில்: இடம் இல்லை. அதைக் கேட்டதும் வருகிற சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, கூடத்தில் இருப்பவர்கள் காதில் விழும்படி வருத்தமான குரலில் "அப்படிங்களா, அடடா" என்று சொல்லப் பழகியிருந்தாள்.

"போன்ல கேட்டா அப்படித்தான் தட்டிக்கழிப்பாங்க" என்றார் மாமியார் ஒரு விடுமுறை நாளில். "நேர்ல போய் நில்லு. நாயையும் கூட்டிட்டுப் போ. மூஞ்சியைப் பாத்தா மனசு இளகும்."

காப்பகம் ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் இருந்தது. புதிதாக ஒரு கட்டடமும் எழுப்பியிருந்தார்கள். சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை. பஸ் போகும் சாலையைப் பார்த்த வாசலில் மின்பலகை ஒன்று 'இடம் இல்லை' என்று சிவப்பாக எரிந்தது. அவளுக்கு முன்னால் ஒரு பெரியவர், கண்ணில் பூ விழுந்த கிழட்டு நாய் ஒன்றைக் கைகளில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"நான் என் பொண்ணு வீட்டுக்குப் போறேன். அங்க நாய் வெச்சுக்க விடமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இவன் என்ன கேக்கப்போறான், ஒரு மூலை போதும்."

"மூலை கூட இல்லைங்கய்யா. பலகையைப் பாருங்க" என்றார் காப்பாளர். கழுத்தில் விசில் தொங்கிய கனத்த ஆள்; சொல்லும்போது அவருக்கே முகம் வாடியது. பெரியவர் நாயை மறு கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தார்.

விருந்தாளி அதற்குள் கயிற்றை இழுத்துக்கொண்டு புதுக் கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டது. அவளும் பின்னாலேயே ஓடினாள். உள்ளே வரிசையாகக் கூண்டுகள். தரை பளபளவென்று கழுவியிருந்தது, ஒவ்வொன்றிலும் கிண்ணம் நிறையத் தண்ணீர், மடித்துப் போட்ட கம்பளி. நாய்தான் இல்லை. கதவுகளில் சின்னச் சின்ன அட்டை தொங்கியது. எல்லாவற்றிலும் 'வரவேண்டியவர்' என்று எழுதியிருந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டாள், பின்னால் மூச்சு வாங்க வந்த காப்பாளரிடம்.

"அதான் மேடம் எங்களுக்கும் தெரியலை. கம்ப்யூட்டர்ல கூண்டுக்கு ஒரு நாய்னு காட்டுது, வாசல் பலகையும் அதைப் பாத்துத்தான் எரியுது. யாரோ முன்னாடியே பதிஞ்சு வெச்சிருக்காங்கன்னு விட்டுட்டோம். எப்ப வேணா வருமே, அதான் தினமும் தண்ணி மாத்தி வெக்கறோம்."

"ஒண்ணாவது வந்துச்சா?"

"இன்னும் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "ரொம்ப சாதுவான நாயுங்க மேடம். ஒரு சத்தம் கிடையாது, ஒரு அசிங்கம் கிடையாது."

சிரிப்பு வந்தது அவளுக்கு. திரையைக் காட்டச் சொன்னாள். ஐந்தாம் கூண்டில் மூன்று குட்டிகள், திரையிலும் மூன்று. பக்கத்துக் கூண்டில் ஒரு நாய், திரையிலும் ஒன்று. புதுக் கட்டடத்தின் காலிக் கூண்டுகள் வரிசையாக: ஒன்று, ஒன்று, ஒன்று. திரையின் அடியில் பொடி எழுத்தில் அவளுடைய நிறுவனத்தின் பெயர் இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் நிறுவனம் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், பல் டாக்டருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்தது. நூலகம், நீச்சல்குளம், காப்பகம் போன்ற இடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பார்கள். வாடிக்கையாளர்களில் சிலரிடம் ஒரு வகை டேட்டாபேஸ், சிலரிடம் இன்னொரு வகை. இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஏறக்குறைய ஒரே மொழி பேசும். சில இடங்களில் மட்டும் முட்டிக்கொள்ளும். நடுவில் நின்று இரண்டுக்கும் மொழிபெயர்த்துச் சொல்கிற நிரல் ஒன்று உண்டு. அதை எழுதியவள் இவள். காப்பகத்தின் திரையை எழுதியது அடுத்த மேஜைத் தம்பி. வரியின் முடிவில் அரைப்புள்ளி வைக்க மறந்து மறந்தே அவனுக்கு அரைப்புள்ளி என்று பெயர் வந்துவிட்டது.

"காலிக் கூண்டுல நாய் இருக்கா? அக்கா, நான் சரியாத்தான் எழுதியிருக்கேன், பாருங்க" என்று மறுநாள் காலை தன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

பார்த்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தான்.

எண்ணச் சொல்லும் கட்டளைக்குள் வெறும் நட்சத்திரக் குறி போட்டால், வந்த வரிகளையெல்லாம் எண்ணு என்று பொருள். நட்சத்திரத்துக்கு முன்னால் 'நாய்' என்று பட்டியலின் பெயரையும் போட்டால், நாய் இருக்கிற வரிகளை மட்டும் எண்ணு என்று பொருள். கூண்டுகளின் பட்டியலையும் நாய்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காலிக் கூண்டுக்கும் ஒரு வரி வரும். இந்தப் பக்கம் கூண்டின் எண் இருக்கும், அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட வரியைச் சேர்க்கக் கூடாது என்றுதான் அரைப்புள்ளி நாயின் பெயரோடு நட்சத்திரத்தைப் போட்டிருந்தான். ஆனால் அக்கா டேட்டாபேஸுக்குப் புரிகிற இந்த எழுத்து தங்கை டேட்டாபேஸுக்குப் புரியாது. பெயரோடு நட்சத்திரம் வந்தால் பிழை என்று நின்றுவிடும். காப்பகத்தில் இருந்தது தங்கை.

அது நின்றுவிடாமல் இருக்க, எப்போதோ ஒரு வார இறுதியில், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், மொழிபெயர்ப்பு நிரலில் அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: பெயரோடு நட்சத்திரம் வந்தால் பெயரைத் தூக்கிவிடு. பிழை மறைந்தது; வெறும் நட்சத்திரம் மிஞ்சியதால் காலிக் கூண்டின் வரியும் ஒரு நாயாக எண்ணப்பட்டது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். காப்பகத்தில் கூண்டு காலியாக இருந்த வழக்கமே இல்லாததால் புதுக் கட்டடம் வரும்வரை எதுவும் தெரியவில்லை.

"அப்ப அந்த நாயெல்லாம் நீங்க வளர்த்ததா?" என்றான் அரைப்புள்ளி.

"ஆமா. தீனி செலவே இல்லை."

"ஏன்கா, புரியலைன்னா புரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே உங்க நிரல்? அதுவா ஒண்ணை நினைச்சுக்கிட்டு மாத்திச் சொன்னா எப்படி?"

சாம்பல் நிறத் திரைச்சீலை அவள் கண்முன் ஆடியது. மாமியாரை எத்தனை முறை மனசுக்குள் திட்டியிருப்பாள்.

வரியைத் திருத்த வெகுநேரம் ஆகாது. அதைத் திருத்தினால் காப்பகத்தின் வாசலில் சிவப்பு அணைந்துவிடும். சிவப்பு அணைந்தால் விருந்தாளி போக வேண்டும். டீ ஆறும்வரை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் திருத்தலாம். நீச்சல்குளத்து வேலை முடியட்டும் என்று சொன்னால் யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. ஒரு வாரம் என்பது நாயோடு இன்னும் ஏழு சாயங்காலம். அப்போதுதான் கிழட்டு நாயை மறு கைக்கு மாற்றிக்கொண்ட பெரியவர் நினைவுக்கு வந்தார். ஒரு மூலை போதும் என்று கேட்டவர். அவருக்கு இடமில்லை என்று சொன்னது காப்பாளரா, பலகையா? இவள்தானே.

"தம்பி, நாற்காலியை இழுத்துப் போட்டுட்டு இங்க வா. இதை இப்பவே முடிச்சுடலாம்."

சேர்ந்து உட்கார்ந்து செய்தார்கள். நாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. நாய் இருந்தால் எண் இல்லாமல் இருக்காது. எனவே தங்கையிடம் போகும்போது நாயின் அடையாள எண்ணை எண்ணு என்று மாற்றிக் கேட்கச் சொன்னார்கள். அப்படி ஒரு எண் இல்லாத பட்டியலாக இருந்தால், எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், நிரல் ஊகிக்கக் கூடாது. நின்று, எழுதினவரையே கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை எழுதும் உரிமையை அரைப்புள்ளி கேட்டு வாங்கிக்கொண்டான். 'நீங்கள் எதை எண்ணச் சொல்கிறீர்கள்? வரிகளையா, நாய்களையா?' என்று எழுதினான்.

"எல்லாரும் நாய் வெச்சிருக்கமாட்டாங்க தம்பி."

"அட, ஆமா" என்று நாயை அழித்தான். வரியின் முடிவில் அரைப்புள்ளி இல்லை. அவளே வைத்தாள்.

மதியத்துக்குள் காப்பாளரிடமிருந்து போன் வந்தது. குரலில் துள்ளல். "மேடம், பலகை பச்சை ஆயிடுச்சு. உள்ள பாதிக்கு மேல காலி. வரவேண்டியவங்க யாரும் வரலை போலிருக்கு."

"வரமாட்டாங்க. அட்டையைக் கழட்டிடுங்க."

"தண்ணி?"

"தண்ணியும் வேண்டாம்."

"ஒரு மாதிரி இருக்கு மேடம், தினம் வெச்சுப் பழகிடுச்சு." அட்டைகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. "உங்க நாய்க்குப் பத்தாம் கூண்டு போட்டுட்டேன். நாளைக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

அன்று லிப்ட் மெதுவாக ஏறுவதுபோல் இருந்தது. கதவைத் திறந்தால் வழக்கம்போல விருந்தாளி உட்கார்ந்திருந்தது. செருப்பைக் கழற்ற அவளுக்கு நேரம் ஆனது.

எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு சொன்னாள். காப்பகத்தில் இடம் இருக்கிறது, இத்தனை நாளும் இருந்திருக்கிறது, தப்பு தன்னுடைய நிரலில். கணவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "நீயே கண்டுபிடிச்சு நீயே சரி பண்ணிட்டியா?" என்றான். குறை சொல்லும் குரல் இல்லை. மேஜைக்கடியில் அவன் கையும் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார் மாமியார். சொன்னது அவ்வளவு நல்லதாகக் கேட்கவில்லை. "நாளைக்கே கொண்டு விட்டுடுங்க. அவருக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்."

மாமனார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாமாவையே ஒரு தடவை கேட்டுடறேனே."

"அவரை என்னத்தைக் கேக்கறது? அவருக்கு நாய் ஆகா..."

"மாமா சொல்லட்டும் அத்தை." குரல் உயரவில்லை. மாமியாரை அவள் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே திக்கென்றது. அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, விருந்தாளி இங்கயே இருக்கட்டுமா, போகட்டுமா? உங்களுக்கு எது வேணும்?"

மின்விசிறி சுற்றியது. கீழே நாய் கழுத்தைச் சொறிந்துகொண்டது, பின்னங்கால் தரையில் தட்டித் தட்டி ஓய்ந்தது. மாமியார் வாயைத் திறந்து, மருமகள் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். மாமனார் ரொட்டியைத் தட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பக்கத்து வீட்டில் குழாய் திறந்து மூடிய சத்தம் கேட்டது. மருமகள் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அவளும் பேசாத ஜாதிதான்.

"என்னைக் கேட்டியாம்மா?" என்றார் கடைசியில்.

"ஆமா மாமா."

"போகணும்னு நான் எப்ப சொன்னேன்?"

மகனும் மருமகளும் சேர்ந்தாற்போல மாமியாரைப் பார்த்தார்கள்.

"பேப்பரைப் புரட்டினீங்களே, அது வந்த அன்னைக்கு" என்றார் மாமியார்.

"அந்தப் பக்கம் படிச்சு முடிஞ்சிடுச்சு. புரட்டினேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். வழி கிடைத்துவிட்டால் அவருக்கும் வார்த்தை இருந்தது. "பகல்ல நீங்கல்லாம் வேலைக்குப் போனதும் இவன் என் பக்கத்துலதான் படுத்திருப்பான். நல்ல பையன். அப்புறம், கேக்கறதுன்னா இன்னொண்ணும் கேளுங்க. எனக்கு டீயில சர்க்கரை வேணும்."

"என்னது?"

"ரெண்டு ஸ்பூன். பச்சைத் திரைச்சீலையும் நல்லாத்தான் இருந்துச்சு. நானே தச்சது."

கணவனுக்குப் புரையேறிவிட்டது. மாமியார் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா வாயில என்ன வெச்சிருந்தீங்க? சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லிட்டே இருந்தியா, சரி, உனக்குத்தான் அப்படி வேணும் போலிருக்கு, அதை நீ என் பேர்ல சொல்லிக்கிறியாக்கும்னு நினைச்சுட்டேன். நாய் விஷயத்துலயும் அப்படித்தான். உனக்கு ஆகலை, பாவம், எதுக்கு வம்புன்னு."

மாமியார் பேசவில்லை. மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மௌனத்துக்கு அர்த்தம் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

"அத்தை, உங்களுக்கு?" என்று மருமகள் கேட்டாள்.

மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் நகரும் சத்தம், அடுப்புப் பற்றும் சத்தம், டப்பா ஒன்று திறக்கும் சத்தம். மகன் கண்ணாலேயே என்ன என்று கேட்டான். அவள் தலையசைத்தாள், தெரியாது, பொறு. விருந்தாளி எழுந்து மெல்ல நடந்து சமையலறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை உள்ளே வரச் சொல்லியும் குரல் வரவில்லை, விரட்டியும் வரவில்லை.

டீக்கோப்பையோடு மாமியார் வந்தார். மாமனார் முன்னால் ணங்கென்று வைத்தார். அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல அதுக்கு ஒரு பேர் வெக்கணும்" என்றார் மாமியார், நாயைப் பார்க்காமல். "வீட்டு ஆளைப் போய் விருந்தாளின்னு எத்தனை நாளைக்குக் கூப்பிடறது? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

மறுநாள், விருந்தாளி வராது என்று போனில் சொல்லிவிட்டு, மருமகள் தனியாகத்தான் காப்பகத்துக்குப் போனாள், கணக்கைச் சரிபார்த்துவிட்டு வர. காப்பாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். விருந்தாளிக்கு ஒதுக்கியிருந்த பத்தாம் கூண்டுக்கு எதிரே ஒன்று என்று இருந்தது. இன்னும் சரியாகவில்லையா? திரையை நம்பாமல் புதுக் கட்டடத்துக்கே நடந்தாள்.

பத்தாம் கூண்டின் மூலையில், மடித்துப் போட்ட கம்பளியின் மேல், கண்ணில் பூ விழுந்த கிழட்டு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. கூண்டுக்கு வெளியே முக்காலி போட்டு அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பயணப் பெட்டி பக்கத்தில் இருந்தது.

"பலகை பச்சையா எரிஞ்சுதும்மா" என்றார். "பஸ்ல போறப்ப பாத்து இறங்கிட்டேன்."

நாய் தூக்கத்திலேயே கொர்ரென்று ஒரு சத்தம் போட்டது. அதுவரை கணக்கில் இருந்த எந்த நாயும் அந்தக் கூண்டில் சத்தம் போட்டதில்லை என்று காப்பாளர் சொல்லிச் சிரித்தார்.